காணாமல் போன இரண்டு கோர்கள்

அரைப் பக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது. எழுதியவரும் அரைப் பக்கத்தில்தான் எழுதினார். அவர் செய்த முதல் தப்பே அதுதான் என்று பிறகு விசாரணையில் சொன்னார்கள்.

எழுதியவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காது சோதனைப் பிரிவில் டெக்னீஷியன். பல வருஷமாக அதே அறையில் இருப்பதால் வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் காதுக்காரர். பிரிவு என்று பெயரே தவிர, அது ஒரே ஒரு அறை. வெளிச்சத்தம் வராமலிருக்கக் கதவின் உள்பக்கம் பழைய மெத்தையை வைத்து ஆணியடித்திருப்பார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, மேசைமேல் ஒரு கணினி. பேச்சு வராத குழந்தைகளை அங்கே கொண்டுவருவார்கள். காதுக்காரர் குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டி, காதுக்குள் டிக் டிக்கென்று சத்தம் விடுவார். தூங்குகிற பிள்ளையின் மூளை அதற்குப் பதில் சொல்கிறதா என்று கணினி கோடு போட்டுக் காட்டும். கோட்டில் மேடு இருந்தால் காது கேட்கிறது. தட்டையாக இருந்தால் கேட்கவில்லை.

அந்தக் கணினியின் பிராசஸர் வில்லைக்குள் கணக்குப் போடும் மூளை, அதாவது கோர், ஒன்றே ஒன்று. பதிவு செய்யச் சொன்னால் செய்யும், கோடு போடச் சொன்னால் போடும், இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அப்படியே நின்றுவிடும். இந்தச் சோதனைக்கோ இரண்டும் சேர்ந்துதான் வேண்டும். அதனால் பத்துக் குழந்தைகளில் நான்கு பேருக்காவது பாதியில் நிற்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதற்குள் பிள்ளை விழித்துக்கொண்டு ஒயரையெல்லாம் பிய்த்து எறிந்திருக்கும். இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவைப்பார். இப்படி ஏழு வருஷம் ஓடியது. ஊரார் பிள்ளைகளுக்கு நின்றபோதெல்லாம் பொறுத்துக்கொண்டவர், தன் தங்கை மகளுக்கு நின்ற அன்றுதான் பேனாவை எடுத்தார். அவருக்கு இது பெருமையில்லை. ஆனாலும் கதையில் அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

தங்கை மகளை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், அதுதான் பிரச்சினை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு லேட்டாகத்தான் வரும் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்லி மூன்று வருஷத்தைத் தின்றுவிட்டார்கள். அப்படிச் சொன்னவர்களில் காதுக்காரரும் ஒருவர். ஊர்ப் பிள்ளைகளின் காதைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த மனிதர், மடியில் வந்து உட்காருகிற பிள்ளையின் காதைக் கவனிக்கவில்லை. கடைசியில் அவளை அறைக்குக் கொண்டுவந்தபோது அவளுக்கு நாலு வயசும் ஒரு மாதமும். காதுக்குள்ளே கருவி வைக்கிற ஆபரேஷனை இலவசமாகச் செய்து தரும் திட்டம் ஒன்று இருந்தது. ஐந்து வயசு முடிவதற்குள், அந்தந்த வட்டாரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் சோதனை அறிக்கையோடு மனு போட வேண்டும். வேறு எந்த இடத்து அறிக்கையும் செல்லாது. கையில் பதினோரு மாதம் இருந்தது. ஒரு சோதனைக்கு ஒரு மணி நேரம் போதும்.

அவர் எழுதிய அரைப் பக்கம் இதுதான். இரண்டு கோர் உள்ள கணினி ஒன்று வேண்டும்; ஒரு கோர் பதிவு செய்யும்போது மற்றது கணக்குப் போடும். லேப்டாப்பிலும் இரண்டு கோர் பிராசஸர் உண்டு, டெஸ்க்டாப்பிலும் உண்டு. லேப்டாப்பில் இருப்பது பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்கும் சூடேறாமல் இருப்பதற்கும் பாதியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் காற்றாடி பெரிது, வேகம் குறையாது. நம் சோதனை ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடுவது. கணினியை எங்கும் தூக்கிக்கொண்டு போகப் போவதுமில்லை. ஆகவே டெஸ்க்டாப் போதும். பிராசஸர் நகம் அளவுதான், இடத்தை அடைக்காது.

இந்தக் காகிதத்தின் மீது, கணினிச் செயலி ஒப்பீட்டு நிரந்தரக் குழு அமைக்கப்பட்டது. ஒரு கணினி வாங்குவதற்கு ஏன் நிரந்தரக் குழு என்று கேட்கத் தோன்றும். தற்காலிகக் குழு அமைப்பதற்கு நிரந்தரக் குழுவின் அனுமதி வேண்டும் என்பது விதி. குழுவில் தணிக்கைக்காரர், ஸ்டோர்க்காரர் உட்பட ஐந்து பேர். தலைவராக இருந்தவர் அதற்கு முன்பு துணி வெளுக்கும் பிரிவின் நிரந்தரக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அவர் மேசைமேல் ஒரு கணினி இருந்தது. கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை அவர் இன்னும் எடுக்கவில்லை, தூசி படக்கூடாதென்று.

முதல் கூட்டத்துக்குக் காதுக்காரரை அழைத்தார்கள். தலைவர் அரைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பேசினார்.

"ஒரு ஆளுக்கு எதுக்குய்யா ரெண்டு கோர்? நான் இந்த ஆஸ்பத்திரியில பாதியை நடத்துறேன், எனக்கே ஒண்ணுதான் கொடுத்திருக்காங்க. அதையே நான் முழுசா பயன்படுத்தினதில்ல."

தணிக்கைக்காரர் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். இரண்டு கோர் வாங்கலாம், ஒன்றைக் கணினியில் வைத்துவிட்டு மற்றதை ஸ்டோரில் பூட்டி வைக்கலாம், முதலாவது தேய்ந்ததும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டும் ஒரே வில்லையில் இருப்பவை, பிரிக்க முடியாது என்று காதுக்காரர் சொன்னார். தணிக்கைக்காரர் முகம் இருண்டுவிட்டது. பிரிக்க முடியாத பொருளில் ஒன்று கெட்டால் நல்லதையும் சேர்த்துக் கழிக்க வேண்டிவரும், அதற்குப் படிவம் கிடையாது என்றார். இந்த ஒரு விஷயத்தை ஏழு வாரம் பேசினார்கள்.

எட்டாவது வாரம் வழி பிறந்தது. அதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத ஸ்டோர்க்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஆளுக்கு ரெண்டு காது இருக்கே சார்" என்றார். அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. நோயாளி ஒவ்வொருவருக்கும் இரண்டு காதுகள் இருப்பதால், காதுக்கு ஒன்று வீதம் இரண்டு கோர்கள் அனுமதிக்கப்படுகின்றன என்று தீர்மானம் எழுதினார்கள். காதுக்காரர் அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இன்னொரு ஏழு வாரம் போகும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்தது லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்கிற கேள்வி. அதற்குத்தான் முன்பே பதில் எழுதியிருக்கிறேனே என்றார் காதுக்காரர். தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒப்பிடுவதற்கு முன்பே முடிவு தெரிந்திருந்தால் அதற்குப் பெயர் பாரபட்சம் என்று விளக்கினார். கணினியைப் பற்றித் தெரிந்த ஒருவர் ஒப்பீட்டில் கலந்துகொண்டால் மற்ற உறுப்பினர்களின் நடுநிலை கெட்டுவிடும். அன்றிலிருந்து காதுக்காரர் ஒப்பீட்டுக்கு நூறடி தூரத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவானது. ஒப்பீடு நடக்கப்போவதோ அவருடைய அறையில். ஆகவே குழு வருகிற நாளில் அவர் வெளியே போய் மரத்தடியில் நிற்பார்.

நாலாம் மாதம் மாதிரிக் கணினிகள் இரண்டு வந்து இறங்கின. ஒரு லேப்டாப், ஒரு டெஸ்க்டாப், இரண்டிலும் இரண்டிரண்டு கோர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. காதுக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெட்கமில்லாமல் சொல்வதென்றால், கண்கூடக் கலங்கியது. ஸ்டோர்க்காரர் பின்னாலேயே அரக்கும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்தார். இரண்டு கணினிக்கும் நாடா சுற்றி முத்திரை வைத்தார்கள். மாதிரியைச் சுவிட்சு போட்டு ஓட்டினால் அது பழைய கணினி ஆகிவிடும், பழையதைப் புதியதென்று வாங்கினால் அது ஊழல் என்பது விதி. ஆகவே ஓட்டாமல் ஒப்பிட வேண்டும்.

எதோடு ஒப்பிடுவது என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அங்கே இருந்தது ஏழு வருஷத்துக் கணினி ஒன்றுதான். அதுதான் அளவுகோல் என்று முடிவாயிற்று. அளவுகோல் தினமும் வேலை செய்து தேய்ந்துகொண்டிருந்தால் ஒப்பீடு எப்படிச் செல்லும்? அதுவரை சிட்டுவுக்கு இரண்டு தடவை மறுபடி முயன்றும் பாதியில் நின்றுபோயிருந்த அந்தக் கணினிக்கும் நாடா சுற்றினார்கள். உருகிய அரக்கு அதன் சுவிட்சின் மேலேயே சொட்டியது.

இப்படியாக, கணினி சரியில்லை என்று புகார் கொடுத்த அறையில் மூன்று கணினிகள் ஆகிவிட்டன. மூன்றையும் தொடக்கூடாது. காது கேட்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குக் காதுக்காரர் தேதி எழுதிய சீட்டு கொடுத்து அனுப்பினார். சீட்டில் எழுதிய தேதியை அவரே நம்பவில்லை.

குழு மாதம் ஒருமுறை வந்து ஒப்பிட்டது. ஒரு மாதம் எடை பார்த்தார்கள், ஒரு மாதம் நீள அகலம் அளந்தார்கள், ஒரு மாதம் திருகாணிகளை எண்ணினார்கள். சூடேறும் பிரச்சினையைப் பற்றிக் காதுக்காரரின் அரைப் பக்கத்தில் எழுதியிருந்ததால் அதையும் விடவில்லை. ஐந்து பேரும் வரிசையாக வந்து இரண்டு கணினியின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் சூடாகவில்லை, லேப்டாப்பைப் பற்றிச் சொல்லப்பட்ட புகார் ஆதாரமற்றது என்று குறித்துக்கொண்டார்கள்.

ஏழாம் மாதம் வேகச் சோதனை. ஓட்டாமல் வேகத்தை எப்படிப் பார்ப்பது என்று குழம்பவில்லை. லேப்டாப்பை ஒரு ஊழியர் கையில் கொடுத்து, காது அறையிலிருந்து மருந்துக்கிடங்கு வரை போய் வரச் சொன்னார்கள். நாலு நிமிஷம் ஆயிற்று. நியாயம் தவறக்கூடாதென்று டெஸ்க்டாப்பையும் இரண்டு பேர் தலைமேல் ஏற்றி அதே வழியில் அனுப்பினார்கள். திரையை ஒருத்தர், பெட்டியை ஒருத்தர். படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் ஒன்று எதிரே வந்து மாட்டிக்கொண்டதில் ஒன்பது நிமிஷம் ஆயிற்று. இரண்டு கோர் லேப்டாப்பின் வேகம் இரண்டு கோர் டெஸ்க்டாப்பின் வேகத்தைப் போல இரண்டேகால் மடங்கு என்று ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மரத்தடியில் நின்ற காதுக்காரர் பெட்டி ஊர்வலம் போவதைப் பார்த்தார். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவருக்குச் சிட்டுவின் பிறந்த நாளுக்கு இன்னும் நாலு மாதம் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

தங்கை வாரம் ஒருமுறை பிள்ளையோடு வருவாள். அண்ணன் வேலை செய்கிற இடம், ஏதாவது நடக்காமலா போகும் என்று நம்பினாள். சிட்டுவுக்கு அந்த அறை பிடிக்கும். முதல் தடவை வந்தபோது ஓடிக்கொண்டிருந்த பழைய கணினியின் மேல் கையை வைத்தாள். அது மாவரைக்கும் கிரைண்டர்போல் அதிர்ந்தது. அதிலிருந்து எந்த எந்திரத்தைக் கண்டாலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். மிக்ஸி, ஃபேன், பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம், எதையும் விடமாட்டாள். அதிர்ந்தால் மூடிய விரல்களைப் பூப்போல விரித்துக் காட்டுவாள். ஓடுகிறது என்று அர்த்தம். அதிராவிட்டால் விரல்களை மூடிக் காட்டுவாள். அவளாகவே உண்டாக்கிக்கொண்ட பாஷை அது. நாடா சுற்றிய மூன்று பெட்டிகள்மேலும் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வாரமும் மாமாவிடம் விரல்களை மூடிக் காட்டினாள்.

பத்தாம் மாதம் காதுக்காரர் தலைவரின் அறைக்குப் போனார். ஒரே ஒரு மணி நேரம், பழைய கணினியை மட்டுமாவது திறந்து கொடுங்கள் என்று கெஞ்சினார். கெஞ்சினார் என்பதைவிடக் குறைவான வார்த்தை அதற்குப் பொருந்தாது. தலைவர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்ட மனிதரில்லை, அதுதான் கொடுமை.

"எனக்கும் மனசு இருக்குங்க. ஆனா ஒரு குழந்தைக்காக அவசரப்பட்டா, நாளைக்கு எல்லாக் குழந்தைக்கும் அவசரம்னு வந்து நிப்பாங்க. நான் பொறுப்புக்கு வந்த பிறகு இந்த ஆஸ்பத்திரியில ஒரு தப்பான கணினிகூட வாங்கினதில்ல, தெரியுமா? ஒண்ணுகூட."

"சரியான கணினி எத்தனை சார் வாங்கியிருக்கீங்க?"

"அதை இப்பத்தானே ஒப்பிட்டுக்கிட்டிருக்கோம்" என்றார் தலைவர்.

பதினோராம் மாதமும் ஓடிவிட்டது; வருகிற செவ்வாய்க்கிழமை சிட்டுவுக்கு ஐந்து வயசு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காதுக்காரர் தங்கையையும் பிள்ளையையும் அறைக்குக் கூட்டிவந்து கதவைச் சாத்தினார். வெயில் ஜன்னல் வழியாக மூன்று பெட்டிகள்மேலும் விழுந்தது. தங்கை கதவோரமாகவே நின்றாள்.

"அண்ணா, மாட்டிக்குவீங்க."

"மாட்டிக்கிறேன். நீ மருந்தைக் கொடு."

உடைப்பதென்று ஆன பிறகு நல்லதையே உடைப்போம் என்று புது டெஸ்க்டாப்பின் முத்திரையைத் திருப்புளியால் பெயர்த்தார். பிளக்கைச் சொருகி சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. ஒயரை மாற்றினார், பிளக்கை மாற்றினார், மறுபடி தட்டினார். பிறகு பக்கத் தகட்டின் நாலு திருகாணியையும் கழற்றி உள்ளே பார்த்தார்.

உள்ளே ஒன்றுமே இல்லை. எடைக்காக அடியில் ஒரு இரும்புத் துண்டை ஒட்டியிருந்தார்கள். அதன்மேல் காட்சிக்கு மட்டும் என்று அச்சடித்த காகிதம். கடைகளில் அலமாரியில் வைக்கிற வெறும் கூடு அது. எட்டு மாதமாக ஐந்து அதிகாரிகள் நிறுத்து, அளந்து, ஊர்வலம் விட்டு, நூற்றுப்பத்துப் பக்கம் எழுதியது இந்தத் தகரத்தைப் பற்றித்தான்.

அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. சிட்டு தூங்கிவிட்டாள். லேப்டாப்பும் அதே கடைச் சரக்குதான் என்று அதை விட்டுவிட்டு, பழைய கணினியின் சுவிட்சிலிருந்த அரக்கைச் சுரண்டி எடுத்தார். அது இருமிக்கொண்டு எழுந்தது. முதல் தடவை இருபத்திரண்டாம் நிமிஷத்தில் நின்றது. இரண்டாம் தடவை முப்பத்தைந்தாம் நிமிஷத்தில் நின்றது. பிள்ளை புரண்டு படுத்தாள், தங்கை அவள் மார்பைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் தடவை காதுக்காரர் கணினிக்கு விசிறிவிட்டார், பழைய கேஸ் ஷீட் கட்டு ஒன்றை விசிறியாக்கி, கை ஓய ஓய.

கோடு முழுசாக வந்து முடிந்தது. வலது காதில் தட்டை. இடது காதிலும் தட்டை. பிள்ளைக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று எந்திரம் சொன்ன அந்த நிமிஷத்தில், அண்ணனும் தங்கையும் சந்தோஷத்தில் அழுதார்கள்.

திங்கட்கிழமை காலையில் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பக் கையெழுத்து வாங்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அறிக்கையின் அடியில் கணினியின் எண் அச்சாகியிருந்தது. அந்த எண் அளவுகோலாக முத்திரையிடப்பட்ட பொருளின் எண். வேலை செய்யாத நிலையில் இருப்பதாக ஐந்து பேர் சான்று கொடுத்த கணினி எப்படி அறிக்கை கொடுக்கும்? ஆகவே இந்த அறிக்கை கொடுக்கப்படவில்லை என்று முடிவு செய்தார்கள். பதினோரு மாதமாக ஆற அமரக் கூடிய குழு அன்று ஒரு மணி நேரத்தில் கூடியது. அவசரம் என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

காதுக்காரர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பெட்டி காலி என்பதையும் சொன்னார், சொன்னால் குழு வெட்கப்படும் என்ற நினைப்பில். தணிக்கைக்காரர் போய் எட்டிப் பார்த்துவிட்டு வெளிறிப்போய் வந்தார்.

"ரெண்டு கோரையும் காணோம்."

"உள்ள எதுவுமே இருந்ததில்ல சார். வெறும் கூடுதான் வந்திருக்கு."

"வந்தபோது இருந்துச்சு. ரெண்டு கோர்னு அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்றார் தலைவர்.

"திறந்து பாத்தீங்களா சார்?"

"திறந்து பாக்கறவன்தான்யா திருடன். நாங்க எதுக்குத் திறக்கணும்?"

அரைப் பக்கத்தை வெளியே எடுத்தார்கள். பிராசஸர் நகம் அளவுதான், இடத்தை அடைக்காது என்ற வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டார்கள். திருடுவதற்கு வசதியான அளவு என்பது குற்றவாளிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார்கள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். ஒருவர் அவர் விரல்களைப் பிடித்து நகங்களையும் பார்த்தார். அந்த அமளியில் சாயங்காலம் ஆகிவிட்டது. செவ்வாய் விடிந்தது. சிட்டுவுக்கு ஐந்து வயசு முடிந்தது.

வயதைக் காரணம் காட்டித்தான் மனுவை அனுப்ப மறுத்திருப்பார்கள் என்று யாரும் நினைப்பார்கள். தங்கைக்குக் குழுவிடமிருந்து வந்த கடிதத்தில் அதற்கு முன்னால் இன்னொரு காரணமும் இருந்தது. காதுக்கு ஒன்று வீதம் இரண்டு கோர் அனுமதிக்கப்பட்டது. இந்தக் குழந்தைக்குக் கேட்கும் காது ஒன்றுகூட இல்லை. ஆகவே இக்குழந்தைக்காகக் கணினி கோரப்பட்டதே முறையற்றது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதற்காகக் காதுக்காரர் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

ஒப்பீட்டின் முடிவும் அதே வாரத்தில் வெளிவந்தது. டெஸ்க்டாப்பில் கோர்கள் திருடு போகக்கூடியவை, லேப்டாப்பில் அப்படி எதுவும் நடந்ததாகத் தகவல் இல்லை. வேகமும் இரண்டேகால் மடங்கு. ஆகவே லேப்டாப்பே சிறந்தது. அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள் என்று காதுக்காரர் எழுதிக் கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் மீதிப் பொருளையும் திறக்கத் தூண்டுகிறார் என்று அந்தக் கடிதத்தைக் குற்றப்பத்திரிகையில் சேர்த்தார்கள். அவரைத் துணி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மூன்று வாரம் கழித்து லேப்டாப்பின் தொடக்க விழா. தங்கைக்கு அழைப்பு வந்தது. இந்த முயற்சியெல்லாம் ஒரு குழந்தையால் தொடங்கியது, அந்தக் குழந்தையே பொத்தானை அழுத்தித் தொடங்கி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தலைவர் ஆசைப்பட்டார். வந்து போனால் வயது விலக்குக்குச் சிபாரிசு எழுதித் தருவதாகவும் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைக்காகத் தங்கை பிள்ளைக்கு நல்ல கவுன் போட்டுக் கூட்டிவந்தாள். காதுக்காரர் துணி வெளுக்கும் பிரிவிலிருந்து ஈரக் கையோடு வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார்.

தலைவர் நாற்பது நிமிஷம் பேசினார். அவசரப்படாமல் வாங்கப்பட்ட கணினி என்று அதை வர்ணித்தார். பிறகு ஸ்டோர்க்காரர் நாடாவைக் கத்தரித்து மூடியைத் தூக்கினார். தங்கை பிள்ளையை மேடைக்குத் தூக்கி, பொத்தானைக் காட்டினாள். சிட்டு அழுத்தினாள். கூட்டம் கை தட்டியது. கருப்புத் திரை கருப்பாகவே இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் போட்டோ எடுக்கிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிட்டு இன்னொருமுறை அழுத்தினாள். பிறகு தன் உள்ளங்கையை லேப்டாப்பின் மேல் வைத்து, தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தக் கணினி ஓடுகிறதா என்று சோதித்துப் பார்த்தது அவள் ஒருத்திதான். கடைசி வரிசையில் மாமா நிற்பதைக் கண்டுபிடித்து, கையை உயர்த்தி, விரல்களை மூடிக் காட்டினாள். மறுபடியும் காட்டினாள், மேடையில் யாருமே பார்க்காததால் தலைவரின் சட்டையை இழுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"பாப்பா என்ன சொல்லுது?" என்று தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இது ஓடலன்னு சொல்றா சார்" என்றாள் தங்கை.

தலைவர் குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். அவர் கண்ணில் உண்மையாகவே இரக்கம் இருந்தது.

"பாவம், அதுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் காது கேக்காதே" என்றார்.

கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது.